முதன்முறையாக ரமலான் நோன்பு நோற்பவருக்கு ஒரு வழிகாட்டி

முழு மாத நோன்பை முதன்முறையாக நோற்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பசியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பசி மூன்று நான்கு நாட்களில் உடலுக்குப் பழகிவிடும். புதியவரை உண்மையில் தடுமாற வைப்பவை நேரங்களும் சட்டங்களும்தான். எப்போது சாப்பாட்டை நிறுத்துவது, எதனால் நோன்பு முறியும், உடல்நலம் குன்றினால் என்ன செய்வது என்பவை முன்கூட்டியே தெளிவாகாததால், மார்க்கம் விதிக்காத சுமையைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு பத்தாம் நோன்பிலேயே சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. நோன்பைக் கடமையாக்கும் வசனங்களின் நடுவிலேயே, அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று குர்ஆன் (2:185) கூறுகிறது. இஸ்லாத்தைப் புதிதாக ஏற்றவர்களையும், பருவம் எய்தி முதல் ரமலானைச் சந்திக்கும் பிள்ளைகளையும், பல ஆண்டுகள் விட்டுப்போய் மீண்டும் தொடங்குகிறவர்களையும் மனத்தில் கொண்டு, தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் நடைமுறையில் உள்ளவாறு இதை எழுதுகிறேன்.

பிறை தெரிவதற்கு முன்

ரமலான், ஹிஜ்ரி எனும் இஸ்லாமியச் சந்திர ஆண்டின் ஒன்பதாவது மாதம். இம்மாத நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், மதீனாவில் கடமையாக்கப்பட்டது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு நாட்கள் முன்னோக்கி நகர்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலானும் டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமலானும் தொடங்கும் என்பது இந்தக் கணக்கின் விளைவு. தமிழ்நாட்டில் நோன்பின் நேரம் பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ 12½ மணியிலிருந்து 14¼ மணி வரை இருக்கும். வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் கோடையில் நோற்பவர்களோடு ஒப்பிட்டால் இது மிதமானது. ஆனால் நமக்கு மே மாத வெயில் இருக்கிறது. வெளி வேலை செய்கிறவர்களுக்குப் பசியைவிடத் தாகமே பெரிய சோதனை.

முந்தைய மாதமான ஷஅபானிலேயே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். முதலாவது, சென்ற ரமலானில் விடுபட்ட நோன்புகள் இருந்தால் அவற்றை நிறைவேற்றுவது. இரண்டாவது, சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைச் சந்திப்பது. மூன்று வேளை மருந்தை வைகறைக்கு முந்தைய உணவான ஸஹருக்கும் நோன்பு திறப்புக்குமாக மாற்றித் தர முடியுமா, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, உங்கள் மஹல்லா (குடியிருப்புப் பகுதி) பள்ளிவாசலின் இமாமைப் போய்ப் பார்த்து, அங்கே பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவு (மத்ஹப்) எது, ஷாஃபிஈ மத்ஹபா ஹனஃபி மத்ஹபா என்று தெரிந்துகொள்வது. தமிழ்நாட்டில் இரண்டும் பரவலாக உள்ளன; கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. சில சட்டங்களில் இரண்டும் வேறுபடுகின்றன. புதியவர் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு, ஐயம் வரும்போது ஒரே ஹஸ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நான்கு காணொளிகளைப் பார்த்து நான்கு தீர்ப்புகளைச் சேகரிப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஷஅபான் 29ஆம் நாள் மாலை பிறை தென்பட்டால் அன்றிரவே ரமலான் தொடங்கும். தென்படாவிட்டால் ஷஅபான் 30 நாட்களாக நிறைவு செய்யப்படும். தமிழ்நாட்டில் தலைமை காஜி பிறை அறிவிப்பை வெளியிடுகிறார். இலங்கையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வருகிறது. கணக்கிட்டோ சவூதி அறிவிப்பை ஏற்றோ ஒரு நாள் முந்தித் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த விவாதத்தில் புதியவர் இறங்கத் தேவையில்லை. தம் ஜமாஅத்தோடு சேர்ந்து தொடங்கி, அவர்களோடு சேர்ந்தே பெருநாளையும் கொண்டாடினால் போதும்.

முதல் இரவு: தராவீஹும் நிய்யத்தும்

இஸ்லாமிய நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறையும் நேரத்தில், தொடங்குகிறது. ஆகவே பிறை தெரிந்த இரவே ரமலானின் முதல் இரவு. ரமலான் இரவுகளுக்கே உரிய தராவீஹ் தொழுகை அன்றே தொடங்கிவிடும், நோன்பு மறுநாள் வைகறையில் தொடங்கும். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் இரண்டிரண்டு ரக்அத்துகளாக (தொழுகைச் சுற்றுகளாக) தொழப்படும் தராவீஹ் பெரும்பாலான பள்ளிவாசல்களில் 20 ரக்அத்துகள், சிலவற்றில் 8 ரக்அத்துகள், அதன்பின் இரவின் இறுதித் தொழுகையான வித்ரு. மக்கள் தனித்தனியாகத் தொழுதுகொண்டிருந்ததை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நபித்தோழர் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் பின்னால் ஒரே ஜமாஅத்தாக ஒன்றுதிரட்டினார்கள். குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ்கள் உள்ள பள்ளிகளில் இரவுக்கு ஏறத்தாழ ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதி) வீதம் ஓதி, மாதத்திற்குள் முப்பது ஜுஸ்உகளையும் நிறைவு செய்வார்கள். தராவீஹ் சுன்னத்தான, அதாவது கடமையல்லாத, நபிவழித் தொழுகை. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். சூராக்கள் (குர்ஆன் அத்தியாயங்கள்) மனப்பாடம் இல்லையே என்று புதியவர் வராமல் இருக்க வேண்டாம். இமாம் ஓதுவதைச் செவிமடுத்து நிற்பதும் வணக்கமே. பெண்கள் வீட்டிலும் தொழலாம். பல ஊர்களில் அவர்களுக்கெனத் தனி இடமும் உண்டு.

வித்ரு முடிந்ததும் பல பள்ளிகளில் இமாம் நோன்பு நோற்கும் எண்ணத்தை வெளிப்படுத்தும் நிய்யத்தைச் சொல்லிக்கொடுப்பார். ஜமாஅத் முழுவதும் திரும்பச் சொல்லும். "நவைத்து ஸவ்ம கதின் அன் அதாயி ஃபர்ளி ரமலானி ஹாதிஹிஸ் ஸனத்தி லில்லாஹி தஆலா" என்பது அரபு வாசகம். "இந்த வருடத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கடமையான) நோன்பை அதாவாக (உரிய காலத்தில்) நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன், அல்லாஹு தஆலாவுக்காக" என்று தமிழிலும் சொல்வார்கள். இந்த வாசகம் மனப்பாடமாகவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. நிய்யத்தின் இடம் உள்ளம். நாளை ரமலான் நோன்பு நோற்கிறேன் என்ற தீர்மானம் உள்ளத்தில் இருந்தால் அது நிய்யத்துதான். கவனிக்க வேண்டியது அதன் நேரம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வோர் இரவும், மஃரிபுக்கும் வைகறையான ஃபஜ்ருக்கும் இடையில் நிய்யத் வைத்தாக வேண்டும். ஓர் இரவு அறவே மறந்துவிட்டால் அந்த நாளின் நோன்பு செல்லாது, ஆயினும் மாலைவரை உண்ணாமல் இருந்து பின்னர் களாச் செய்ய (வேறொரு நாளில் ஈடாக நோற்க) வேண்டும். ஹனஃபி மத்ஹபில் விடிந்தபின் எதுவும் உண்ணாதிருந்தால் நண்பகலுக்கு முன்புவரை வைத்துக்கொள்ளலாம். தராவீஹுக்குப் பின் ஒருமுறை, ஸஹரில் ஒருமுறை என்று வழக்கமாக்கிக்கொண்டால் இந்தக் கவலையே எழாது.

ஸஹர்

"ஸஹர் செய்யுங்கள், ஸஹரில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது" என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஸஹருக்கு எழாமல் தூங்குவது புதியவர்களிடம் காணப்படும் வழக்கம். நண்பகலில் தலைவலி வருவதற்கும் அது காரணமாகிறது. எழ முடியாமல் போனாலும் நோன்பு செல்லும். ஸஹர் நிபந்தனை அல்ல. எனினும் ஒரு மிடறு தண்ணீராவது அருந்தி அந்தச் சுன்னத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

ஸஹர் முடிவது சூரிய உதயத்தில் அல்ல, ஃபஜ்ரில். கீழ்வானில் குறுக்கே வெண்மை படரும் அந்த நேரம் நம் பகுதியில் உதயத்திற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்பே வந்துவிடும். பள்ளிவாசல்கள் அச்சிட்டுத் தரும் நேர அட்டையில் உங்கள் ஊருக்குரிய நேரத்தையே பாருங்கள். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே பத்து நிமிடத்திற்கு மேல் வேறுபாடு உண்டு. அறிமுகமில்லாத செயலியின் நேரத்தை நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது ஆபத்து. அட்டையில் உள்ள நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்பே வாய் கொப்பளித்து முடித்துவிடுவது பேணுதலானது. பாங்கு ஒலித்து முடியும்வரை தண்ணீர் குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பாங்கு உரிய நேரத்தில் சொல்லப்படுகிறதென்றால் ஃபஜ்ர் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதே பொருள்.

உணவில் உப்பும் எண்ணெயும் குறைவாக இருக்கட்டும். பிரியாணியும் ஊறுகாயும் பிற்பகலில் தாகத்தைப் பெருக்கும். சோறும் பருப்பும் தயிரும், அல்லது சப்பாத்தியும் முட்டையும், கூடவே ஒரு வாழைப்பழமும் நெடுநேரம் தாங்கும். தேநீர், காப்பி பழக்கம் உள்ளவர்கள் ரமலானுக்கு ஒரு வாரம் முன்பே அளவைக் குறைத்துவிட்டால் முதல் நாட்களின் தலைவலி பெருமளவு தணியும்.

பகலில் எது முறிக்கும், எது முறிக்காது

அறிந்தே உண்பது, பருகுவது, புகைபிடிப்பது, தாம்பத்திய உறவு, வேண்டுமென்றே வாந்தி எடுப்பது ஆகியவை நோன்பை முறிக்கும். மாதவிடாயும் பிரசவத் தீட்டும் தொடங்கினால், மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருந்தாலும், அன்றைய நோன்பு இல்லாமல் போய்விடும். ரமலான் பகலில் நோன்போடு தாம்பத்திய உறவு கொள்வது மிகக் கடுமையான குற்றம். அதற்குக் களாவுடன் கஃப்பாரா எனும் பரிகாரமும் உண்டு: தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு, அதற்கு உண்மையிலேயே இயலாதவர் 60 ஏழைகளுக்கு உணவு. வேண்டுமென்றே உண்டு முறித்தாலும் இந்தக் கஃப்பாரா உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குக் களாவும் தவ்பாவும் (பாவமன்னிப்புக் கோருவதும்) கடமை.

முறிக்காதவற்றின் பட்டியல் இதைவிட நீளமானது. புதியவருக்கு ஆறுதல் தருவதும் அதுவே. மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது, வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாலும் சரி. அல்லாஹ்தான் அவருக்கு உண்ணவும் பருகவும் கொடுத்தான் என்பது நபிமொழி. நினைவு வந்த கணத்தில் வாயில் உள்ளதைத் துப்பிவிட்டு நோன்பைத் தொடர வேண்டும். எச்சிலை விழுங்குவது, குளிப்பது, நறுமணம் பூசுவது, தூக்கத்தில் ஸ்கலிதமாவது, தானாக வாந்தி வருவது, இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பது ஆகியவை முறிக்காது. குளிப்புக் கடமையான நிலையில் ஃபஜ்ர் ஆகிவிட்டாலும் நோன்பு செல்லும்; தொழுகைக்காக உடனே குளித்துவிட வேண்டும். இரவில் மாதவிடாய் நின்ற பெண்ணும் அவ்வாறே நிய்யத் வைத்துவிட்டு ஃபஜ்ருக்குப் பின் குளிக்கலாம். கஞ்சி காய்ச்சுகிறவர் உப்புப் பார்க்க நேர்ந்தால், நாக்கின் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பி, வாயைக் கழுவிக்கொள்ளலாம். பற்பசை தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு போய்விடும் என்பதால், ஸஹர் முடிவதற்கு முன்பே பல் துலக்கிவிட்டுப் பகலில் மிஸ்வாக் (பல்குச்சி) பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஷாஃபிஈ மத்ஹபில் நண்பகலுக்குப் பின் மிஸ்வாக்கும் மக்ரூஹ் (விரும்பத்தகாதது). சத்தேற்றாத ஊசி முறிக்காது என்பது பெரும்பான்மையான அறிஞர்களின் கருத்து. குளுக்கோஸ் ஏற்றுவது, ஆஸ்துமா மருந்தை உறிஞ்சுவது, காதில் சொட்டு மருந்து விடுவது ஆகியவற்றில் கருத்து வேறுபாடு உண்டு. இவற்றை உங்கள் ஹஸ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் மூச்சுத்திணறல் வந்த நேரத்தில் கேட்கக் காத்திருக்கக் கூடாது. மருந்தை எடுத்துக்கொண்டு, தேவையானால் பிறகு களாச் செய்யலாம்.

வயிற்றோடு நாக்கும் நோன்பிருக்க வேண்டும். பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் கைவிடாதவர் உணவையும் பானத்தையும் கைவிடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. யாரேனும் சண்டைக்கு வந்தால், "நான் நோன்பாளி" என்று சொல்லி விலகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அலுவலகத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எரிச்சல் மேலிடும்போது அதைச் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரைவிடச் சொல்கிறவருக்கே அது நினைவூட்டலாக அமையும்.

நோன்பு திறத்தல்

சூரியன் மறைந்தது உறுதியானதும் தாமதிக்காமல் திறப்பது சுன்னத். நபி (ஸல்) அவர்கள் மஃரிப் தொழுமுன் செங்காய்ப் பேரீச்சம்பழங்களாலும், அவை இல்லாவிட்டால் உலர்ந்த பேரீச்சம்பழங்களாலும், அதுவும் இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீராலும் நோன்பு திறந்தார்கள். "அல்லாஹும்ம லக ஸும்து வஅலா ரிஸ்கிக அஃப்தர்து" என்ற துஆவை (வேண்டுதலை) நம் ஊர்களில் ஓதுகிறார்கள். தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியானது என்ற பொருளுடைய மற்றொரு துஆவும் நபிமொழியில் உள்ளது. அது ஒரு மிடறு பருகிய பின் ஓதுவதற்கு ஏற்றது. திறப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில் பேச்சைக் குறைத்துத் துஆக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த நேரத்தின் உணவு நோன்புக் கஞ்சி. நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பின் பள்ளிவாசலின் பின்கட்டில் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றுவார்கள். தாளித்த பட்டை, கிராம்பு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லித்தழை ஆகியவற்றோடு எலும்போ கொத்துக்கறியோ வதங்கும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் அதில் குழையக் குழைய வேகும். அடிபிடிக்காமல் நீண்ட துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பால் சேரும். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். மதம் பார்த்துக் கஞ்சி ஊற்றுவதில்லை. அக்கம்பக்கத்து இந்து, கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகளும் வாங்கிச் செல்வது பல ஊர்களில் வழக்கம். இதற்கெனத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. பகல் முழுவதும் காலியாக இருந்த வயிற்றுக்கு நீரும் சத்தும் ஒருசேரத் தரும் இந்தக் கஞ்சி, கூடவே தட்டில் குவியும் சமோசாவையும் பஜ்ஜியையும்விடப் பன்மடங்கு நல்லது. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி, பிறகு மஃரிப் தொழுகை, அதன்பின் அளவான சாப்பாடு என்ற வரிசையைப் பின்பற்றினால் தராவீஹில் கண் செருகாது. வீட்டில் தனியாக இருக்கும் புதியவர்கள், குறிப்பாகக் குடும்பத்தில் தாம் ஒருவரே நோன்பு நோற்பவர்கள், பள்ளிவாசலுக்கே சென்று திறக்கட்டும். நோன்பாளிக்கு உணவளிப்பவருக்கு அவருடைய கூலியைப் போன்றதே கிடைக்கும் என்பதால், உங்களை வரவேற்க அங்கே ஆட்கள் காத்திருப்பார்கள்.

சலுகை பெற்றவர்கள்

நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்பது குர்ஆனின் நேரடிச் சலுகை. பயண தூரம் பொதுவாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்படுகிறது; ஃபஜ்ருக்கு முன்பே ஊரைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு நோற்கவே கூடாது. விடுபட்ட நோன்புகளைப் பிறகு களாச் செய்ய வேண்டும், விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு அஞ்சினால் விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். குழந்தைக்காக மட்டுமே விட்டிருந்தால் ஃபித்யாவும் (ஏழைக்கு உணவளிக்கும் ஈடும்) உண்டு என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். இனி நோற்கவே இயலாத முதியவர்களும் தீராத நோயுடையவர்களும் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவு என ஃபித்யா கொடுத்தால் போதும்.

மருத்துவர் கூடாது என்ற பிறகும் பிடிவாதமாக நோற்று, கடைத்தெருவில் மயங்கி விழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஈமானை (இறைநம்பிக்கையை) மதிக்கிறேன். ஆனால் அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே. வீட்டிலுள்ள இளையவர்கள் இதை அத்தாவிடமும் உம்மாவிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இறுதிப் பத்தும் கொடுக்க வேண்டியவையும்

ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்று குர்ஆன் கூறும் லைலத்துல் கத்ர் இரவை இறுதிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவை 21, 23, 25, 27, 29ஆம் இரவுகள். நம் ஊர்களில் 27ஆம் இரவு சிறப்பாக அனுசரிக்கப்படுகிறது. பள்ளிகள் விடியவிடிய விழித்திருக்கும். புதியவர் கவனிக்க வேண்டியது, இரவு பகலுக்கு முந்தியது என்பதை. 27ஆம் இரவு என்பது 26ஆம் நோன்பைத் திறந்தபின் வரும் இரவு. ஒரே இரவோடு நின்றுவிடாமல் ஐந்து இரவுகளிலும் சிறிதளவேனும் விழித்திருந்து, "அல்லாஹும்ம இன்னக அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ" என்று ஓதுங்கள். யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறவன், என்னை மன்னிப்பாயாக என்பது அதன் பொருள். ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆ இது. வணக்கத்துக்காகப் பள்ளியிலேயே தங்கும் இஃதிகாஃப் இருக்க விரும்புகிறவர் 20ஆம் நோன்பன்று சூரியன் மறையுமுன் பள்ளிக்குள் நுழைந்துவிட வேண்டும். பத்து நாட்கள் இயலாதவர் ஒரு நாளோ சில மணி நேரமோ நிய்யத்தோடு தங்கினாலும் நன்மை உண்டு.

ஸகாத் எனும் கடமையான தானம் ரமலானுக்கே உரியது அல்ல. செல்வம் நிஸாபை (குறைந்தபட்ச வரம்பை) அடைந்து ஒரு சந்திர ஆண்டு நிறைவானால் கடமையாகும். ரமலானில் நன்மை பெருகும் என்பதால் பலர் கணக்கை இம்மாதத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 11 சவரன் தங்கம், அல்லது ஏறத்தாழ 600 கிராம் வெள்ளியின் மதிப்பு நிஸாப். கொடுக்க வேண்டியது 2.5 விழுக்காடு. பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமான அளவுக்கு இல்லை. பெருநாள் தானமான ஃபித்ரா இதிலிருந்து வேறானது. குடும்பத்தில் கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ 2½ முதல் 3 கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளைச் சென்றடைய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கோதுமைக்குரிய கணக்கின்படி அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். பெருநாள் காலைவரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாட்கள் முன்பே கொடுத்துவிட்டால், வாங்குகிறவர் வீட்டிலும் பெருநாளுக்கு உலை கொதிக்கும்.

பெருநாளும் அதற்குப் பின்னும்

அடுத்த மாதமான ஷவ்வாலின் பிறை தெரிந்த இரவிலிருந்து பெருநாள் தொழுகைவரை தக்பீர் (அல்லாஹு அக்பர் எனும் முழக்கம்) சொல்லுங்கள். காலையில் குளித்து, ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்கள் சாப்பிட்டுவிட்டுத் தொழுகைக்குச் செல்வதும், ஒரு வழியில் சென்று வேறு வழியில் திரும்புவதும் சுன்னத். அன்று நோன்பு நோற்பது ஹராம் (தடுக்கப்பட்டது). மறுநாளிலிருந்து ஷவ்வால் மாதத்திற்குள் ஆறு நோன்புகள் நோற்றால் காலமெல்லாம் நோன்பு நோற்ற நன்மை கிடைக்கும் என்று முஸ்லிம் எனும் நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் உள்ளது; தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ நோற்கலாம். ரமலானில் விடுபட்டவற்றின் எண்ணிக்கையைக் காலண்டரிலேயே குறித்து வைத்துக்கொண்டு, திங்கள் வியாழன் எனப் பிரித்து, அடுத்த ரமலான் வருவதற்குள் களாவை முடித்துவிடுங்கள். காரணமின்றி அதற்கும் அப்பால் தள்ளிப்போட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு ஃபித்யாவும் சேர்ந்துகொள்ளும்.